இருபத்தேழாவது சாவி

மகனே,

நேற்று மதியம் நீ போனை வைத்துவிட்டாய். "அப்புறம் பேசுதேன்ப்பா" என்று சொல்லிவிட்டு வைப்பது ஒரு ரகம். சொல்லாமல் வைப்பது இன்னொரு ரகம். உன்னுடையது இரண்டாவது. உன் அம்மா பக்கத்தில் நின்றதால், நான் அதற்குப் பிறகும் ஒரு நிமிஷம் போனைக் காதில் வைத்துக்கொண்டு "சரி, சரி, ஆமா" என்று யாருமில்லாத இடத்தோடு பேசிக்கொண்டிருந்தேன். "என்ன சொல்லுதான்?" என்றாள். "யோசிச்சுச் சொல்லுதேங்கான்" என்றேன். "வச்சுட்டான்லா?" என்றாள். இருபத்தெட்டு வருஷமாக என்னோடு குடித்தனம் நடத்துகிறவளிடம் நடிப்பதற்கு எனக்கு இன்னும் பயிற்சி போதவில்லை.

அதனால்தான் கடிதம். அதையும் உன் வாட்ஸ்அப்புக்கு அனுப்பாமல் நம் ஊர் மாத இதழுக்குக் கொடுக்கிறேன். வாட்ஸ்அப்பில் வந்தால் நீல டிக் விழும், பதில் விழாது. இதழில் வந்தால் யாராவது ஒருவர் படம் பிடித்து உனக்கு அனுப்பிவிடுவார். சுரண்டையில் இருக்கும் உன் அத்தையும் படிப்பாள். அவள் படித்துவிட்டால் அரசிதழில் வந்த மாதிரிதான். அப்பா என்னை ஊர் முன்னால் நிறுத்துகிறார் என்று கோபப்படாதே. நிறுத்தப்போவது முதலில் என்னைத்தான். பள்ளிக்கூடத்திலும் பட்டிமன்றத்திலும் மற்றவர்களைப் பற்றிப் பேசியே கைதட்டு வாங்கியவன் நான். என்னைப் பற்றி ஒரு விஷயத்தை மட்டும் பதினைந்து வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை, நேற்று போனில் உன்னிடம் பாதி சொன்னதைத் தவிர. இதைப் படித்துவிட்டு என்மேல் நடவடிக்கை எடுக்க விரும்புகிறவர்கள் பிப்ரவரி முடியும்வரை பொறுத்துக்கொள்ள வேண்டும். அதுவரை எனக்கு வேலை இருக்கிறது.

நேற்று நான் கேட்டதை மறுபடியும் கேட்கிறேன். பிப்ரவரியில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. வாய்க்கால் தெருவை எண்ணுகிற வேலை எனக்கு வந்திருக்கிறது. அந்தத் தெருவில் பாதிக்கு மேல், நேற்றுவரை இருபத்தாறு வீடுகள், பூட்டிக் கிடக்கின்றன. அந்த வீட்டுக்காரர்கள் எல்லாரும் கொல்லத்தில், நீ இஞ்சினியராக இருக்கிற கட்டட வேலையில், தகர ஷெட்டில் இருக்கிறார்கள். வீட்டுக்கு ஒருவரை, இரண்டே நாளைக்கு, ஊருக்கு அனுப்பி வை. நான் கேட்டது இவ்வளவுதான். நீ முடியாது என்றாய்.

உனக்குத் தெரிந்த தெருதான், படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில், வாய்க்காலை ஒட்டி எதிரும் புதிருமாக இரண்டு வரிசை, மொத்தம் முப்பத்தொன்பது வீடுகள். சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் அந்தத் தெருவில் உட்கார்ந்திருக்கிற ஆளைப் பார்க்க முடியாது. ஒருவர் அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுவார், ஒருவர் மங்குஸ்தானும் ரம்புட்டானும் விற்பார், ஒருவர் நேந்திரங்காய் சிப்ஸ் போடுவார், ஒருவர் லாட்ஜில் அறை காட்டுவார். வெளியூர்க்காரர் அருவியில் தலையைக் கொடுத்துவிட்டு வந்து "என்ன சுகம்" என்று சொல்கிறாரே, அந்தச் சுகத்துக்குப் பின்னால் அந்தத் தெரு முழுக்க நின்றுகொண்டிருக்கும். தை பிறந்து, சபரிமலைக்காரர்கள் கூட்டமும் ஓய்ந்துவிட்டால் அருவி வெறும் பாறை. அதற்கப்புறம் மூன்று நான்கு மாதத்துக்குத் தெருவுக்குச் சோறு, கேரள எல்லையில் இருக்கிற புளியரை தாண்டித்தான். புனலூர், கொட்டாரக்கரை, கொல்லம் என்று வீட்டைப் பூட்டிக்கொண்டு குடும்பத்தோடு போவார்கள். ஜூனில் இடவப்பாதி மழை இறங்குவதற்குள் திரும்பிவிடுவார்கள். அவர்களுடைய வருஷம் அப்படி. கணக்கெடுப்போ பிப்ரவரியில் வருகிறது. டெல்லிக்குப் பிப்ரவரி நல்ல மாதமாக இருக்கலாம். குற்றாலத்தில் அது ஆளில்லாத மாதம். எங்களை எண்ணுவதென்றால் ஜூலையில் வந்து எண்ண வேண்டும்; நனைந்த துண்டோடு வரிசையாக நிற்போம்.

போன கணக்கெடுப்பிலும் அந்தத் தெரு எனக்குத்தான் விழுந்தது. இந்த ஒரு வாக்கியத்தை எழுதப் பதினைந்து வருஷம் ஆகியிருக்கிறது. பூட்டிய வீடு என்றால் மறுபடி போக வேண்டும், அக்கம்பக்கத்தில் விசாரிக்க வேண்டும், அப்படியும் ஆள் கிடைக்காவிட்டால்தான் 'பூட்டு' என்று எழுத வேண்டும் என்று பயிற்சி வகுப்பில் படித்துப் படித்துச் சொன்னார்கள். நான் அந்த வகுப்பில் பின் பெஞ்சில் உட்கார்ந்து, சொல்லிக்கொடுத்தவர் மூக்கை உறிஞ்சுவதை எண்ணிக்கொண்டிருந்தேன். அந்தக் கணக்கை மட்டும் சரியாக எடுத்தேன். தெருவுக்கு ஒரே ஒரு நாள் போனேன். முதல் நான்கு வீட்டில் மூன்று பூட்டு. நல்ல வெயில். தெருமுனைக்கு எதிரில் ஒரு பரோட்டாக் கடை. அங்கே போய் உட்கார்ந்தால் இரண்டு வரிசைக் கதவுகளும் தெரியும். பரோட்டாவுக்குச் சால்னா வருவதற்குள் கண்ணாலேயே தெருவை எண்ணி முடித்துவிட்டேன். பூட்டு தொங்குகிறதா, எழுது. சந்தேகமாக இருக்கிறதா, அதையும் பூட்டில் சேர். இருபதுக்கு மேல் 'பூட்டு' விழுந்தது. கை கழுவிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அந்த வாரம்தான் நீ கணக்கு நோட்டில் வழியைப் போடாமல் விடையை மட்டும் எழுதிவந்தாய் என்று உன்னை அடித்தேன். உனக்கு நினைவிருக்கும், அடி வாங்கினவர்களுக்கு எப்போதும் நினைவிருக்கும். "விடை சரியாத்தான இருக்கு" என்று அழுதாய். "விடை எங்கிருந்து வந்துச்சுலே? எடுத்து வச்ச ஒவ்வொரு அடியும் எனக்குத் தெரியணும்" என்று கத்தினேன். நான் கத்திய மேஜையின் மேல்தான் வாய்க்கால் தெருவின் படிவங்கள் இருந்தன, ஒரு அடிகூட எடுத்து வைக்காமல் வந்த விடைகளோடு. உன் விடையாவது சரி.

அப்புறம் அதை மறந்துவிட்டேன். சில வருஷம் கழித்து, அந்தக் கணக்கை வைத்து உள்ளாட்சி வார்டுகளைத் திருத்தி வரைந்தார்கள். வாய்க்கால் தெருவும் அதைச் சுற்றியிருந்த கொஞ்சம் வீடுகளும் அதுவரை சேர்ந்து ஒரே வார்டு. காகிதத்தில் பார்த்தால் அந்தத் தெருவில் மனிதர்களே அதிகம் இல்லை. ஒரு வார்டுக்குத் தலை போதவில்லை. எனவே தெருவின் நடுவில் கோடு போட்டு, வடக்கு வரிசையை வாய்க்காலுக்கு அந்தப் பக்க வார்டோடும் தெற்கு வரிசையை மெயின்ரோட்டு வார்டோடும் சேர்த்துவிட்டார்கள். கோடு போட்டவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. அவர் முன்னால் இருந்தது என் கையெழுத்து.

தெரு இரண்டாகிவிட்டது என்று முதலில் யாருக்கும் உறைக்கவில்லை. எல்லாரும் சிரித்தார்கள். எதிரெதிர் வாசலில் கோலம் போடுகிற அண்ணன் பெண்டாட்டியும் தம்பி பெண்டாட்டியும் வேறு வேறு பள்ளிக்கூடத்துக்கு ஓட்டுப்போடப் போனார்கள். பிறகு ஒரு நாள் தெருவின் நடுவில் ஒரு நாய் செத்துக் கிடந்தது. சரியாக நடுவில். வடக்கு வார்டுக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, தலை தெற்கே இருக்கிறது என்றார்கள். தெற்கு வார்டுக்காரர்கள் வந்து, வால் வடக்கே இருக்கிறது என்றார்கள். மூன்று நாள் கிடந்தது. கடைசியில் அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிற சுடலை அண்ணாச்சிதான் சாக்கில் போட்டு எடுத்துக்கொண்டு போனார். இந்தக் கதையை நான் எத்தனை மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன் தெரியுமா. ஆய்க்குடியில் ஒரு விழாவில் சொன்னபோது ஒருவர் சிரித்துச் சிரித்து நாற்காலியோடு சாய்ந்தார். அந்த நாயைத் தெரு நடுவில் போட்டவன் நான்தான் என்று மேடையில் சொன்னதில்லை. அதற்குப் பின் தெருவிளக்கு அணைந்தால் எந்த வார்டு, சாக்கடை அடைத்தால் எந்த வார்டு, வாய்க்கால் மேல் பாலம் கேட்டால் எந்த வார்டு. பாலம் இன்னும் வரவில்லை. இரண்டு மரத்தடிகள் மேல்தான் இன்றைக்கும் நடக்கிறார்கள்.

சுடலை அண்ணாச்சியின் மனைவி இசக்கியம்மாளை உனக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஐந்தருவி ரோட்டில் பழக்கடை. மங்குஸ்தானை இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்து ஒரு அழுத்து அழுத்தி, சுளை உடையாமல் உனக்கு ஊட்டிவிடுவாள். நீ சட்டையெல்லாம் கறையாக்கிக்கொண்டு வருவாய், உன் அம்மா என்னைத் திட்டுவாள். கோடு போடுவதற்கு முன்னால் அந்த வார்டின் மெம்பர் அவள்தான். எந்தக் கட்சியும் இல்லை. தெருவே சேர்ந்து நிறுத்தியது. கூட்டம் நடக்கிற நாளில் பழக்கூடையோடு போய், கூடையை வாசலில் இறக்கிவைத்துவிட்டு உள்ளே போய்ச் சண்டை போட்டுத் தெருவுக்குக் குழாய் கொண்டுவந்தாள். கோடு விழுந்த பிறகு வடக்கு வார்டில் நின்றாள். தெற்கு வரிசை ஓட்டு அவளுக்குப் போட முடியாது. தோற்றாள். எதிர்வீட்டில் இருக்கிறவர்கள் வந்து, "ஏட்டி இசக்கி, எங்களால போட முடியலயேட்டி" என்று அழுதார்களாம். அவளுக்கு அதற்கப்புறம் இருந்த ஒரே பதவி சாவி வைத்திருப்பது. தை மாதம் புளியரை தாண்டிப் போகிறவர்கள் எல்லாரும் வீட்டுச் சாவியை அவளிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். அது முன்பிருந்தே வழக்கம். அதாவது, நான் பரோட்டாக் கடையில் உட்கார்ந்திருந்த அன்றும் அந்தக் கொத்து அவள் இடுப்பில்தான் இருந்தது. ஒவ்வொரு வீட்டிலும் யார் யார், எத்தனை உருப்படி, யார் கைக்குழந்தை, யார் பிள்ளைத்தாய்ச்சி என்று அவள் வாயிலேயே இருந்தது. அவள் ஒரு போன் போட்டிருந்தால் மறுநாள் முதல் பஸ்ஸில் வந்து இறங்கியிருப்பார்கள். நான் கேட்டிருக்க வேண்டியது ஒரே ஒரு கேள்வி.

இப்போது டெல்லி விஷயத்துக்கு வருகிறேன். வரப்போகிற கணக்கை வைத்துத்தான் சட்டம் போட்டு நாடாளுமன்றத் தொகுதிகளைத் திருத்தி வரையப்போகிறார்கள் என்கிறார்கள். எப்படி, எப்போது என்று தெரிந்தவர்கள் டீக்கடையில் இருக்கிறார்கள். நான் கணக்கு வாத்தியார் மட்டுமே. ஆனால் தலையை மட்டும் எண்ணி நாற்காலி போட்டால், பிள்ளைகளைக் குறைத்துக்கொண்ட நம் பக்கத்துக்கு நாற்காலியும் குறையும், பேச்சும் குறையும் என்ற பயம் எனக்கும் உண்டு. போன மாதம் தென்காசியில் ஒரு கல்யாண மண்டபத்தில் இதைப் பற்றிக் கூட்டம் போட்டார்கள். என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். விடுவேனா. "பந்தியில் குறைவாகச் சாப்பிட்டவனை, அடுத்த கல்யாணத்தில் உனக்கு இலையே கிடையாது என்று சொல்வது போல இருக்கிறது" என்றேன். கைதட்டு. "அரசாங்கம் போதும் என்றது, நானும் என் மனைவியும் ஒன்றோடு நிறுத்தினோம்" என்று நெஞ்சில் கை வைத்தேன். பெண்கள் வரிசையில் உன் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அரசாங்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உன்னை வளர்த்த இரண்டே வருஷத்தில் ஒன்று போதும் என்று முடிவெடுத்தவள் அவள். "எங்கேயோ தூரத்தில் உட்கார்ந்து, எங்களை வந்து பார்க்காமல், ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு எங்கள் குரலை இரண்டாகக் கிழிக்க நீ யார்?" என்று முடித்தேன். மண்டபம் அதிர்ந்தது. எனக்கே உடம்பு சிலிர்த்தது.

கேள்வி கேட்கிற நேரத்தில் பின்வரிசையிலிருந்து இசக்கியம்மாள் எழுந்தாள். முன்னாள் மெம்பர் என்று அவளையும் கூப்பிட்டிருந்தார்கள். மைக் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். "சார் நல்லாப் பேசுனிய. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் கேக்கணும். அந்த டெல்லிக்காரவுகளும் நம்மள பரோட்டாக் கடையில இருந்துதான் எண்ணுவாகளா, இல்ல தெருவுக்குள்ள வருவாகளா?"

எல்லாரும் சிரித்தார்கள். பகடி என்று நினைத்துக்கொண்டார்கள். எனக்கு மட்டும் அவள் எந்தக் கடையைச் சொல்கிறாள் என்று தெரிந்தது. நானும் சிரித்தேன், பழக்கதோஷம். கூட்டம் முடிந்து மண்டப வாசலில் செருப்புத் தேடுவதாக நடித்துக்கொண்டு அவள் பக்கத்தில் போய் நின்றேன். "எப்பம்லேர்ந்து தெரியும்?" என்றேன். "அன்னைக்கேதான்" என்றாள். "வெயில்ல வருதாகளே, மோர் குடுப்போம்னு கலக்கி வச்சுக்கிட்டு வாசல்ல நின்னேன். நீங்க அங்கன இருந்து விரலை நீட்டி நீட்டி எண்ணிக்கிட்டு இருந்திய. சரி, சாப்பிட்டுட்டு வருவாகன்னு நெனச்சேன்." "ஏன் இத்தனை வருஷமா யார்ட்டயும் சொல்லல?" என்றேன். "சொன்னா என்ன செய்வாவ? உங்க வேலைய எடுப்பாவ. கோட்ட எடுப்பாவளா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். மோர் என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை.

அதற்குப் பின் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இந்த வயதில் கணக்கெடுப்பு வேலையைத் தவிர்ப்பதற்கு மற்ற வாத்தியார்கள் சர்க்கரை, ரத்த அழுத்தம், முதுகுவலி என்று சான்றிதழ் தேடிக்கொண்டிருந்தபோது நான் போய் வாய்க்கால் தெருதான் வேண்டும் என்று கெஞ்சிக் கேட்டு வாங்கினேன். "என்ன சார், அங்கன யாரும் தெரிஞ்ச ஆளா?" என்று தெரு ஒதுக்குகிற அலுவலர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். இந்தத் தடவை ஒவ்வொரு வாசலிலும் ஏறிவிடுவது, ஒரு தலை விடாமல் எழுதுவது, அடுத்தமுறை கோடு வரைகிறவர் காகிதத்தில் அந்தத் தெரு முழுசாகத் தெரிய வேண்டும் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தெருவுக்குப் போனேன். வரிசையாகப் பூட்டு. "எல்லாரும் எங்க?" என்றேன். இசக்கியம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்கதான சார் அனுப்பி விட்டிய" என்றாள்.

உண்மைதான். தை பிறந்ததும் உனக்கு ஆள் வேண்டும் என்று ஐப்பசியில் நீ கேட்டபோது, மகனுக்கு உதவுகிற பெருமையில் அந்தத் தெருவில் வீடுவீடாக ஏறி ஆள் சேர்த்துக் கொடுத்தவன் நான். "நம்ம பையன்தான் இஞ்சினியரு, குடும்பத்தோட போங்க, ஷெட்டு நல்ல ஷெட்டு" என்றேன். மற்ற வருஷங்களில் பத்து இடத்துக்குச் சிதறிப் போவார்கள், யாராவது நாலைந்து பேர் நடுவில் வந்து போவார்கள். இந்தத் தடவை மொத்தமாக உன் சைட்டில் ஒரே இடம், ஒரே ஷெட், லீவு கிடையாது. எண்ணுவதற்காக அந்தத் தெருவில் நான் வாசல் ஏறவில்லை. காலி செய்வதற்காக ஒரு வாசல் விடாமல் ஏறியிருக்கிறேன்.

நேற்று நீ சொன்ன ஒவ்வொன்றையும் யோசித்துப் பார்த்தேன். ஸ்லாப் காங்கிரீட் தேதி குடுத்தாச்சு என்றாய். மொத்தமாக அனுப்ப வேண்டாம், வீட்டுக்கு ஒருவர் போதும், காங்கிரீட்டுக்கு முந்தின வாரமோ பிந்தின வாரமோ நீயே சொல், எண்ணுகிற நாட்கள் நிறைய இருக்கின்றன, நான் என் வரிசையை மாற்றிக்கொள்கிறேன். அங்கேயே எண்ணுவாங்கல்லா என்றாய். எண்ணலாம், ஆனால் ஒருவர் வழக்கமாக எங்கே குடியிருக்கிறாரோ அங்கே எழுத வேண்டும் என்பதுதான் கணக்கு. வருஷத்தில் எட்டு மாதம் அவர்கள் வாய்க்கால் தெருக்காரர்கள். உன் ஷெட் மே மாதம் பிரிக்கப்படும். பிரித்த ஷெட்டுக்கு வார்டு கிடையாது, மெம்பர் கிடையாது. ஆன்லைனில் அவர்களே பதிந்துகொள்ளலாமே என்றாய். பதியலாம், ஆனால் ஆளைப் பார்க்காமல் இன்னொரு தடவை அந்தத் தெருவை எழுதச் சொன்னால் என் கை எழுதாது. அந்த மாதிரி ஒரு தடவை எழுதியதுதான் போதுமே. கடைசியாக ஒன்று சொன்னாயே, "நீங்க அன்னைக்கு நடக்காத நடைய இன்னைக்கு என் சைட்டுல வந்து நடக்கணுமா" என்று. நீ சொன்னது சரி. சரியான விடைக்குத்தான் உன்னை அன்றைக்கும் அடித்தேன். ஆனால் மகனே, சரியாகச் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாய். அந்த இருபத்தாறு வீடும் பூட்டியேதான் இருக்கின்றன.

எனக்கு உபதேசம் செய்யத் தகுதி போய்விட்டது. ஆனாலும் அப்பன் என்றால் வாய் சும்மா இருக்காது. நீ கட்டடம் கட்டுகிறவன். ஒரு தூணைத் தாளில் அரை அங்குலம் தள்ளி வரைந்தால் கீழே என்ன ஆகும் என்று உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதனால்தான் கையில் டேப்போடு நாள் முழுக்க அலைகிறாய். நாட்டின் வரைபடத்தில் கோடு போடுகிறவர்களுக்கு முன்னால் டேப்பைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறவர்கள் என்னைப் போன்ற ஆட்கள்தான். எங்கள் விரல் தெருமுனையிலேயே நின்றுவிட்டால், கோடு எவ்வளவு நியாயமாக விழுந்தாலும் ஒரு தெரு நடுவில்தான் விழும். டெல்லி எனக்கு எட்டாது. மேடையில் நான் எவ்வளவு கத்தினாலும் எட்டாது. முப்பத்தொன்பது கதவுகள் எட்டும். அதில் ஒரு கோட்டைச் சரிசெய்ய எனக்கு இந்த ஒரு பிப்ரவரிதான் இருக்கிறது. அடுத்த கணக்கெடுப்பு வரும்போது நான் ஓய்வு பெற்றிருப்பேன். அல்லது நானே பூட்டிய வீடாகியிருப்பேன். இந்தத் தடவையும் விட்டால், அந்தத் தெரு எத்தனை வருஷத்துக்குத் தாளில் இருக்காது என்று எனக்குத் தெரியாது.

இனி சொல்லப்போவது உனக்குத் தெரியாத விஷயம். நேற்று நீ போனை வைத்த பிறகு, சாயங்காலம் இசக்கியம்மாள் வீட்டுக்கு வந்தாள். உன் அம்மா காபி போட்டாள், குடிக்கவில்லை. இந்தச் சீசனில் வெள்ளம் வெள்ளம் என்று அடிக்கடி அருவியில் குளிக்கத் தடை போட்டதில் பழ வியாபாரம் படுத்துவிட்டது. சுடலை அண்ணாச்சிக்குத் தோள்பட்டை தூக்க முடியவில்லை, எண்ணெய் தேய்க்கிற வேலை போயிற்று. உன் சைட்டில் சமையலுக்கு ஆள் வேண்டும் என்று உன் மேஸ்திரி சொல்லிவிட்டாராம். "நாளைக்குக் காலைல செங்கோட்டைல ரயிலேறுதோம் சார்" என்றாள். பிறகு இடுப்பிலிருந்து கொத்தை எடுத்து என் மேஜைமேல் வைத்தாள். இருபத்தாறு சாவி. ஒன்றில் சிவப்பு நூல், ஒன்றில் சோடா மூடி, ஒன்றில் உடைந்த வளையல், ஒன்றில் பிள்ளைக்கு முடியிறக்கிய கோவிலின் மஞ்சள் துணி. முந்தானையை அவிழ்த்து, தன் வீட்டுச் சாவியையும் எடுத்து அதில் கோத்தாள்.

"என்ட்ட எதுக்கு இசக்கியக்கா?" என்றேன்.

"தெருவுல மிச்சம் இருக்கதெல்லாம் வயசாளிய, நம்பிக் குடுக்கதுக்கு வேற ஆளு இல்ல சார். நீங்கதான எண்ண வரப் போறிய. பூட்டிக் கிடந்தா தொறந்து பாத்துக்கிடுங்க."

கோபத்தில் சொல்லவில்லை. கேலியும் இல்லை. அவள் அப்படிச் சொன்னதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கேலி என்றால் பதில் சொல்லியிருப்பேன். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, "தம்பிட்ட எதுவும் சொல்லணுமா?" என்று கேட்டாள். இன்று காலை அவள் ரயிலேறிவிட்டாள். நீ இதைப் படிக்கிற நேரம் உன் சைட்டில் உனக்கே சோறு போட்டுக்கொண்டிருப்பாள். அவள் உன்னிடம் எதுவும் கேட்க மாட்டாள்.

அவள் போன பிறகு உன் அம்மா என்னிடம் கேட்டாள், "நம்ம வீட்டுக்கு எண்ண வரவருட்ட எத்தன பேருன்னு சொல்லணும்?" "ரெண்டு" என்றேன். "மூணும்பேன்" என்றாள். நான்கு வருஷமாக நீ அங்கேதான் இருக்கிறாய், அங்கேயே வீடு வாங்கப்போகிறாய், அங்கேதான் உன்னை எழுத வேண்டும், பொய் சொல்லக் கூடாது என்று விளக்கினேன். "ஊரான் பிள்ளையள எல்லாம் ஒண்ணுவிடாம சேக்கணும்னு அழுதிய, எம்பிள்ளைய மட்டும் கணக்குலேர்ந்து அடிக்கச் சொல்லுதியளாக்கும்" என்று சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குள் போய்விட்டாள். ஆனால் ரெண்டு என்றுதான் சொல்லப்போகிறோம். நீ கொல்லத்தில் நின்று உன்னை எண்ணிக்கொள். திரும்பி வரப்போகிறவர்களை இங்கே அனுப்பு.

இந்தத் தடவை காகிதம் கிடையாது, எல்லாம் போனில்தான். 'பூட்டு' என்று பேனாவை எடுத்து எழுத வேண்டியதில்லை. விரலால் தொட்டால் போதும் என்று பயிற்சி வகுப்பில் காட்டினார்கள். முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். என் விரலுக்கு அந்த வேலை நன்றாகத் தெரியும், அதுதான் பயம். முதல் நாள் காலையில் தெருமுனையில் நிற்பேன். பரோட்டாக் கடைப் பக்கம் திரும்ப மாட்டேன். ஆள் இல்லையென்று தெரிந்தாலும் ஒவ்வொரு கதவாகத் தட்டுவேன், மறுநாளும் தட்டுவேன், கணக்கு முடிகிற கடைசி நாள் வரைக்கும் தட்டுவேன். கொல்லத்திலிருந்து வருகிற ரயில் எத்தனை மணிக்கென்று எனக்குத் தெரியும். நீ வீட்டுக்கு ஒருவரை ஏற்றிவிடு. அவ்வளவு பேரை விட முடியாது என்றால் முதலில் இசக்கியம்மாளையாவது ஏற்றிவிடு. சாவிக்கொத்து என் மேஜைமேல்தான் இருக்கிறது. காலையிலிருந்து ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சிவப்பு நூல் யார் வீடு, சோடா மூடி யார் வீடு, அந்த மஞ்சள் துணிக்குப் பின்னால் எத்தனை பிள்ளைகள், எதுவும் எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவள் உன் ஷெட்டில் சோறு வடித்துக்கொண்டிருக்கிறாள்.

அப்பா